மூண்டாவது கியரும் உடைஞ்சிட்டு எண்டா பிழை கியர்ல இல்ல

அம்பாறை மாவட்டக் கரையோரத்து ஊர் ஒண்டுல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. பேர், ஊர் ஒண்டும் போட வேணாம் எண்டு கேட்டதால போடல்ல. கணக்கு, வரி விசயம் பாக்கிற சின்ன தனியார் ஒபிஸ் ஒண்டுல வேலை. எட்டு மாசத்துக்கு முதல் அந்த ஒபிசுக்கு ரீகண்டிஷன் போட்டோகொப்பி மெசின் ஒண்டு வாங்கியிருக்காங்க, ஏ3 வரைக்கும் எடுக்கிற கறுப்பு வெள்ளை மெசின், ஆறு மாச வாரண்டி. நாலாம் மாசம் பின்பக்கத்துல இருந்து டக் டக் டக் எண்டு சத்தம் வந்து பேப்பர் வெளிய வாற இடத்துல சிக்கத் தொடங்கியிருக்கு, கடையில இருந்து டெக்னீசியன் வந்து பியூசரை, அதாவது டோனர் தூளைச் சூடாக்கிப் பேப்பர்ல ஒட்ட வைக்கிற பகுதியை, ஓட்டுற பிளாஸ்டிக் கியரை மாத்திட்டுப் போயிருக்கார். ஏழாம் மாசம் அதே கியர், அதே சத்தம், வாரண்டி முடிஞ்சிட்டு எண்டு காசு வாங்கிக்கிட்டு மாத்தியிருக்காங்க. அதுல இருந்து மூணு கிழமைதான், இப்ப திரும்பவும் போயிட்டு.

இதுக்கிடையில ஒபிஸ்ல நிக்கிற தம்பி ஒருத்தர் துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயைப் பின் கவரைக் கழட்டி வடிவா அடிச்சு விட்டிருக்கார். முதலாளி சொல்றாராம் "நீ சிக்கின பேப்பரை வலிச்சு இழுத்துத்தான் உடைச்சாய், உன்ட சம்பளத்துல புடிக்கிறன்" எண்டு. தங்கச்சி கேக்கிறது நாலு கேள்வி. கியரை ஒன்லைன்ல எடுத்து, மோட்டச்சைக்கிள் மெக்கானிக்கா இருக்கிற மச்சானை வச்சு தானே போடலாமா, பித்தளையில கடைஞ்சு போட்டா உடையாதுதானே, வாரண்டி முடிஞ்சதால கடைக்காரரை ஒண்டும் கேக்க ஏலாதா, சம்பளத்துல புடிக்கலாமா. கூடவே உடைஞ்ச கியர்ட போட்டோ ரெண்டு அனுப்பியிருக்கா, அதுக்குத்தான் பெரிய நன்றி, கடிதத்தை விட அந்தப் போட்டோ எனக்குக் கனக்கச் சொல்லிச்சு.

தங்கச்சி, முதல்ல ஒரு விசயத்தை நேராச் சொல்லிடுறன். நீங்களும் கடைக்காரரும் முதலாளியும் மூணு பேரும் கியரைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. ஒரே இடத்துல எட்டு மாசத்துக்குள்ள மூணு கியர் போகுதெண்டா கியர் பாவம், அதுக்கு முன்னால இருக்கிற ஏதோ ஒரு சாமான் சுத்த மாட்டன் எண்டு இறுகி நிக்குது, மோட்டர் விடாமத் தள்ளுது, நடுவுல நிக்கிற பிளாஸ்டிக் பல்லு கழண்டு போகுது. சோத்துல கல்லுக் கிடந்து பல்லு உடைஞ்சவன் பல்லை மட்டும் கட்டிப்போட்டு அதே சோத்தைத் திரும்பச் சாப்பிடுற மாதிரித்தான் அந்த டெக்னீசியன் ரெண்டு தரமும் செஞ்சிருக்கார்.

உடைஞ்ச கியர் என்ன சொல்லுது

உடைஞ்ச கியரை ஆரும் குப்பையில போட்டிடாதீங்க, அதுதான் சாட்சி. ஒரு பல்லோ ரெண்டு பல்லோ அடியோட சுத்தமா முறிஞ்சு மத்தப் பல்லெல்லாம் புதுசு மாதிரி இருந்தா வெளிச் சாமான் ஏதும் உள்ளுக்க விழுந்திருக்கு எண்டு நினைக்கலாம், ஸ்டேப்ளர் கம்பி, பேப்பர் கிளிப், ஷாப்ட்ல கியர் கழண்டு போகாமப் புடிக்கிற ஈ-கிளிப் உடைஞ்ச துண்டு இப்படி ஏதாவது, இல்லாட்டி திடீரெண்டு ஒரு அடி விழுந்திருக்கும். எல்லாப் பல்லும் ஒரே பக்கமாத் தேஞ்சு கத்தி மாதிரிக் கூரா இருந்தா அது வயசு, கனகாலம் ஓடித் தேஞ்சது. பல்லு முறியாம உருகி நெளிஞ்ச மாதிரி, நிறம் மண்ணிறமாப் போய் இருந்தா சூடும் பாரமும் ஒண்டாச் சேந்து வேலை செஞ்சிருக்கு. நடு ஓட்டையில இருந்து வெளிப்பக்கமா வெடிப்பு ஓடியிருந்தா ஷாப்ட் பலமாத் திருகியிருக்கு, இல்லாட்டி கியர் மலிஞ்ச டூப்ளிகேட்.

உங்கட போட்டோவில இருக்கிறது மூண்டாவது வகை, கொஞ்சம் நாலாவதும் சேந்தது. பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு பல்லு ஒரு பக்கமா வளைஞ்சு மழுங்கி இருக்கு, நிறம் மாறி இருக்கு, டி வடிவமா இருக்க வேண்டிய நடு ஓட்டையோட மூலை வட்டமாத் தேஞ்சு இருக்கு. இது சுத்த மறுத்த ஒரு சாமானோட கியர் மல்லுக்கட்டின அடையாளம். பேப்பரை இழுத்ததால வாற உடைவு இப்படி இருக்காது.

கடிதத்துல நீங்க போற போக்கில எழுதின ஒரு வரி இருக்கு பாருங்க, "காலையில முதல் போடக்குள்ளதான் சத்தம் கூட, பத்துப் பதினைஞ்சு கொப்பி எடுத்தாக் குறையும், அதுக்கு முதல் கிறீச் கிறீச் எண்டு ஒரு சத்தமும் வரும்" எண்டு. எனக்கு முக்கால்வாசி விளங்கினது அந்த வரியிலதான். உங்கட மெசின் மாதிரிச் சின்ன மெசின் கனக்கத்துல பியூசருக்குள்ள மெல்லிய பிலிம் ஒண்டு ஹீட்டரைச் சுத்தி ஓடும், கீழ ரப்பர் பிரஷர் ரோலர் அதை அமத்திப் புடிச்சு உருட்டும். அந்தப் பிலிமுக்கு உள்ளுக்க சூடு தாங்கிற கிறீஸ் பூசியிருக்கும். வருசக்கணக்கா ஓடின பியூசர்ல அந்தக் கிறீஸ் காஞ்சு இறுகிப் போகும், குளிர்ந்து கிடக்கக்குள்ள பிலிம் வழுக்காம விட்டு விட்டு இழுபடும், அதுதான் கிறீச் சத்தம். சூடேறினாக் கொஞ்சம் இளகும், சத்தமும் குறையும். ரீகண்டிஷன் மெசின் வாங்கக்குள்ள வெளிக் கவரை மினுக்கித் தருவாங்க, பியூசருக்குள்ள ஆர் பாக்கிறது?

பிலிம் இல்லாம ரெண்டு ரோலர் வச்ச மொடல் எண்டா பிரஷர் ரோலர்ட ரெண்டு பக்க பேரிங், மேல் ரோலர்ட நுனியைத் தாங்கிற வளையம், அதாவது புஷ், இந்த ரெண்டும்தான் சந்தேகம். எங்கட கரையோரத்துல உப்புக் காத்துக்குச் சின்ன பேரிங் துருப்பிடிக்கிறது புதினமில்ல, கச்சான் காத்துக் காலத்துல தூசியும் மணலும் வேற.

பியூசரைக் கழட்டிக் கையால சுத்திப் பாருங்க

இதைச் செய்ய டெக்னீசியனே வரட்டும், ஆனா நீங்க பக்கத்துல நிண்டு பாருங்க. பக்கத்துல இருக்கிற பட்டனை நிப்பாட்டினாக் காணாது, கனக்க மெசின்ல அது தூங்க வைக்கிற பட்டன் மட்டும்தான், சுவர்ல இருக்கிற பிளக்கைக் கழட்டணும். பியூசர் வேலை செய்யக்குள்ள 200 டிகிரிக்குக் கிட்டப் போற சாமான், ஹீட்டருக்கு 230 வோல்ட் நேராப் போகுது, அதால பிளக்கைக் கழட்டி ஒரு மணித்தியாலமாவது ஆற விட்டுத்தான் கை வைக்கணும். கதவு சுவிச்சுக்குள்ள தீக்குச்சியைச் சொருகிப்போட்டு கவரைத் திறந்தபடி மெசினை ஓட விட்டுப் பாக்கிற பழக்கம் சில பேரிட்ட இருக்கு, உங்கட ஒபிஸ்ல அதை விடாதீங்க, கியரை விட விரல் பெறுமதி.

பியூசரை வெளிய எடுத்து, அதுட கியரை ஓடுற திசைக்கே மெதுவாக் கையால சுத்திப் பாக்கணும். நல்ல பியூசர் எண்டா கொஞ்சம் பாரமா இருந்தாலும் ஒரே சீராச் சுத்தும். ஒரு இடத்துல வந்து இறுகி, மறுகா இளகி, திரும்ப அதே இடத்துல இறுகினா பேரிங்கோ புஷ்ஷோ போயிட்டு. முழுச் சுத்துக்கும் இறுக்கமா இருந்து கிறீச் எண்டு இழுபட்டா பிலிம்தான். கையால லேசாச் சுத்துது எண்டா பியூசர்ல பிழையில்ல, அப்ப மெசின் பக்கம் திரும்பணும், பியூசர் கியருக்கு முன்னால நிண்டு, அசைஞ்சு வந்து அதோட சேருற ஸ்விங் கியர்ட ஷாப்ட் தேஞ்சு ரெண்டு கியர்ட பல்லும் முழுசாப் பொருந்தாம நுனியில மட்டும் கடிக்குதா எண்டு பாக்கணும். நுனியில கடிச்சா எவ்வளவு புதுக் கியர் போட்டாலும் டக் டக்தான்.

ட்ரம், அதாவது டோனரால படத்தை எடுத்துப் பேப்பருக்குக் குடுக்கிற உருளை, அது பக்கத்துலயும் ஒருக்காப் பாருங்க. கழிவு டோனரைத் தள்ளிக்கொண்டு போற திருகு ஒண்டு ட்ரமுக்குப் பின்னால ஓடும், கழிவு டப்பா நிறைஞ்சோ, டோனர் ஈரப்பதத்துல கட்டி பட்டோ நிண்டா அந்தத் திருகு இறுகி முழு கியர் வரிசையையும் இழுத்துப் புடிக்கும். மாரிக்கு இதைக் கூடக் காணலாம். ஆனா ட்ரமைக் கையால சுத்துறதெண்டா எதிர்த் திசைக்குச் சுத்தக்கூடாது, துடைக்கிற பிளேட் மடிஞ்சு போகும், அது வேற செலவு. ட்ரமை வெளிய எடுத்தா வெளிச்சம் படாமக் கறுப்புத் துணியால மூடி வையுங்க.

இன்னொரு சின்னச் சோதனை, இதை நீங்களே செய்யலாம். சத்தம் எப்ப வருது எண்டு மட்டும் ஒரு துண்டுல எழுதுங்க. கொப்பி எடுக்காம சூடாகக்குள்ளயே வந்தா மெயின் மோட்டர், பியூசர் வரிசை. பேப்பர் ட்ரேயில இருந்து இழுக்கிற நேரம் மட்டும் எண்டா பேப்பர் எடுக்கிற கிளட்ச், ரோலர். ரெண்டு பக்கம் எடுக்கக்குள்ள மட்டும் எண்டா டூப்ளெக்ஸ். மேல பேப்பர் வச்சு ஸ்கேன் பண்ணக்குள்ள மட்டும் எண்டா அந்த மேல் மூடிக்குள்ள இருக்கிற கியர், இதுக்கும் பியூசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. டெக்னீசியனுக்கு இந்தத் துண்டைக் குடுத்தா அவர்ட அரை நாள் வேலை மிச்சம்.

நீங்க எழுதியிருக்கீங்க, போன தரம் ஸ்கிரீன்ல ஒரு எரர் நம்பர் வந்து டெக்னீசியன் ஏதோ அமத்தி அழிச்சு விட்டார் எண்டு. கெனன்ல ஈ000, ரிக்கோவில எஸ்சி 54 எண்டு தொடங்கிற வரிசை, கியோசெராவில சி6000 வரிசை, இதெல்லாம் பியூசர் சூட்டோட சம்பந்தப்பட்ட நம்பர். கியர் வழுக்கி பியூசர் சுத்தாம நிண்டு ஹீட்டர் மட்டும் எரிஞ்சா ஒரே இடம் கருகும், மெசின் அதைக் கண்டுதான் நிக்குது. காரணத்தைப் பாக்காம நம்பரை மட்டும் அழிக்கிறது நெருப்போட விளையாட்டு. அந்த நம்பர் ஞாபகம் இருந்தா எழுதி வையுங்க.

ஸ்பிரே, சுப்பர் குளூ, பித்தளை

தம்பி அடிச்ச ஸ்பிரேயைப் பத்திக் கோவப்படாதீங்க, சைக்கிள் செயினுக்கு அடிச்சா வேலை செய்யுது, இதுக்கும் செய்யும் எண்டு நினைச்சிருப்பார். ஆனா அது கியர்ல இருந்த நல்ல கிறீசைக் கழுவி விட்டிடும், பொறகு பறக்கிற டோனர் தூள் அதுல ஒட்டி அரைக்கிற பசை மாதிரி ஆகும். பக்கத்துல இருக்கிற மின்காந்தக் கிளட்ச்சுக்குள்ள போனா கிளட்ச் வழுக்கும், ரப்பர் ரோலர்ல பட்டா ரோலர் ஊதும். அதால புதுக் கியர் போட முதல் பின்பக்கம் முழுக்க நூல் விடாத துணியால துடைக்கச் சொல்லுங்க, பொறகு பிளாஸ்டிக்குக்கு எண்டே வாற சிந்தெடிக் கிறீஸ் பல்லுல மெல்லிசாப் பூசினாப் போதும், அள்ளி அப்பத் தேவையில்ல. சாதாரண வெக்கூம் கிளீனரால டோனரை உறிஞ்ச வேணாம், தூள் பில்டரைத் தாண்டி அப்படியே அறைக்குள்ள வெளிய வரும். மூக்குக்கு மாஸ்க் போடுங்க, உடுப்புல பட்டாப் பச்சைத் தண்ணியில கழுவுங்க, சுடுதண்ணி பட்டாக் கறை ஒட்டிப் புடிக்கும்.

சுப்பர் குளூ பத்திக் கேக்கல்ல, ஆனா ஆராவது சொல்லுவாங்க, அதால நானே சொல்றன். இந்தக் கியர் கனக்க அசிட்டல் எண்ட பிளாஸ்டிக், பசை அதுல ஒழுங்காப் புடிக்காது. 3டி பிரிண்டர்ல அடிச்சுத் தாறன் எண்டு ஆரும் சொன்னா என்ன பிளாஸ்டிக் எண்டு கேளுங்க, சாதாரணமா அடிக்கிற பிஎல்ஏ 60 டிகிரிக்கே இளகத் தொடங்கும், பியூசருக்குப் பக்கத்துல அது ஒரு நாளும் தாங்காது.

பித்தளை விசயம். கடைஞ்சு போடலாம்தான், அந்தக் கியர் உடையாது, உண்மை. ஆனா இறுக்கம் எங்கயும் போகாது, அடுத்த பிளாஸ்டிக் கியர் போகும், இல்லாட்டி மோட்டர், இல்லாட்டி பியூசர் ஷாப்ட். இப்ப மலிஞ்ச சாமான் ஒண்டு உடைஞ்சு பெரிய சாமானைக் காப்பாத்திக்கொண்டு இருக்கு, அந்தக் காவலை நீங்களே எடுத்து விடப் போறீங்க.

ஒன்லைன்ல எடுக்கிறதெண்டா எடுங்க, ஆனா மொடல் பேரை மட்டும் நம்பி எடுக்காதீங்க. கியர்லயே சின்ன எழுத்துல பார்ட் நம்பர் அடிச்சிருந்தா அதுதான் முக்கியம். இல்லாட்டி பல்லை எண்ணி, வெளி விட்டத்தை வேர்ணியரால அளந்து, விட்டத்தைப் பல்லுட எண்ணிக்கையோட ரெண்டைக் கூட்டி வாற தொகையால வகுத்துப் பாருங்க. 32 பல்லு, 27.2 மில்லிமீட்டர் எண்டா 27.2ஐ 34ஆல வகுத்தா 0.8, அதுதான் மொடியூல், பல்லுட பருமனைச் சொல்ற அளவு, புதுக் கியர்லயும் அது ஒண்டா இருக்கணும். இந்தக் கணக்கு நேர் பல்லுக்குத்தான், பல்லு சரிவா வெட்டின கியர் எண்டா இடப்பக்கம் சரிஞ்சதா வலப்பக்கமா எண்டதும் பொருந்தணும். மச்சான் கை நல்ல கையா இருக்கும், ஆனா பியூசரைப் பிரிச்சு ஸ்பிரிங் அமத்தத்தைச் சரியாத் திருப்பி வைக்கிறது வேற வேலை, கியர் மாத்துறது வரைக்கும் சரி, பியூசருக்குள்ள வேணாம்.

கடைக்காரரிட்ட என்ன கேக்கலாம்

வாரண்டி முடிஞ்சா கதை முடிஞ்சுது எண்டு நீங்க நினைக்கிறது பிழை. மெசினுக்கான வாரண்டி வேற, மூணு கிழமைக்கு முதல் காசு வாங்கிச் செஞ்ச திருத்த வேலை வேற. 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்துல சேவைக்கும் பொறுப்பு இருக்கு, காசு வாங்கிச் செய்யிற வேலையைத் தகுந்த கவனத்தோடயும் திறமையோடயும் செய்யணும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்துல குடுக்கணும், சேவை நடந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், நீங்க இன்னும் காலத்துக்குள்ளதான் நிக்கிறீங்க. அவங்கட தொலைபேசி இலக்கம் 1977.

ஆனா முதல் நாளே அங்க ஓடாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். எங்கட பக்கம் பார்ட்ஸ் எடுத்து வேலை தெரிஞ்சு செய்யிற ஆக்கள் விரல் விட்டு எண்ணலாம், நாளைக்கு ட்ரமுக்கும் டோனருக்கும் அவரிட்டத்தான் போக வேண்டி வரும். முதல்ல மரியாதையா ஒரு கடிதம் எழுதுங்க, வாங்கின திகதி, ரெண்டு திருத்தத்துட திகதி, குடுத்த காசு, மெசின் இதுவரைக்கும் எடுத்த கொப்பியைக் காட்டுற கவுண்டர் எண்ணிக்கை, உடைஞ்ச கியர்ட போட்டோ. "இந்தத் தரம் கியர் மட்டும் வேணாம், பியூசரைக் கழட்டி என்னத்தால உடையுது எண்டு எழுதித் தாங்க" எண்டு கேளுங்க. ரெண்டாவது திருத்தக் கூலியைக் கழிச்சுத் தரச் சொல்லியும் கேக்கலாம், அது நியாயமான கேள்வி. பில் இல்லாட்டி இப்பவே கேட்டு எடுங்க, போன்ல வந்த மெசேஜை அழிக்காதீங்க. பதில் வராட்டி, இல்ல தட்டிக் கழிச்சா, அந்தக் கடிதத்துட கொப்பியோட 1977.

சம்பளத்துல புடிக்கிற கதை

சிக்கின பேப்பரை எதிர்ப்பக்கமா வலிச்சு இழுத்தா மெசினுக்கு நல்லதில்லதான், அதை மறைக்க வேணாம். இறுக்கத்தை விடுற லீவர் இருந்தா அதைத் தூக்கி விட்டுப்போட்டு, பேப்பர் போற திசைக்கே ரெண்டு கையாலயும் மெதுவா இழுக்கணும். ஆனா மூணு தரமும் ஒரே கியர், போட்டோவில வளைஞ்சு கிடக்கிற பல்லு, காலையில கிறீச் சத்தம், இதெல்லாம் சேத்துப் பாத்தா பேப்பர் சிக்கினதாலதான் கியர் உடைஞ்சது எண்டது தலைகீழ்க் கதை. பியூசர் இறுகினதாலதான் பேப்பர் சிக்கியிருக்கு. டெக்னீசியன் எழுதித் தாற துண்டு உங்களுக்கு இங்கதான் கை குடுக்கும், அதாலதான் எழுத்துல கேக்கச் சொன்னன்.

ஒபிஸ்ல வேலை செய்யிற ஆக்களுக்கு 1954ம் ஆண்டு 19ம் இலக்கச் சட்டம் இருக்கு, கடை, காரியாலய ஊழியருக்கான சட்டம். சம்பளத்துல எதைக் கழிக்கலாம் எண்டதுக்கு அதுல வரையறை இருக்கு, முதலாளி நினைச்சதை நினைச்ச மாதிரிக் கழிக்க ஏலாது. அவர் ஏதும் கடதாசியைக் காட்டி "இதுல ஒரு கையெழுத்துப் போடு" எண்டா வாசிக்காமப் போடாதீங்க, "வீட்ட கொண்டுபோய்ப் பாத்துட்டு வாறன் சேர்" எண்டு சொல்லுங்க. கழிச்சே போட்டாரெண்டா சம்பளத் துண்டோட உங்கட பகுதி தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போய்க் கேளுங்க. அதுக்கு முதல், சண்டைக்கு நிக்காம, ரிப்போட் வாற வரைக்கும் பொறுங்க எண்டு அவரிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. மூணு தரம் மெசின் பழுதாப்போன கோவத்துல கத்தியிருப்பார், காரணம் கையில வந்தா அவருக்கும் கடைக்காரரோட பேச வாய் வரும்.

மெசினை வச்சிருக்கிறதா விடுறதா எண்டு முதலாளி கேட்டா, கவுண்டரைப் பாக்கச் சொல்லுங்க. பிலிம், பிரஷர் ரோலர் எல்லாம் மொடலைப் பொறுத்து ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் கொப்பிக்குள்ள மாத்த வாற சாமான்தான், அது போனதுக்காக மெசினைத் தூக்கி எறியத் தேவையில்ல. பிலிம், பேரிங், கியர், கூலி எல்லாம் சேந்து இதே மாதிரி இன்னொரு ரீகண்டிஷன் மெசின்ட விலையில பாதிக்குக் கீழ நிண்டா நான் திருத்துவன். ட்ரமும் முடியிற நிலையில இருந்து கணக்குப் பாதியைத் தாண்டினா விட்டிடலாம், அப்பிடி வேற ஒண்டு வாங்கினா பியூசரைக் கழட்டிக் கண் முன்னால சுத்திக் காட்டச் சொல்லித்தான் காசைக் குடுக்கணும்.

திருத்தினா, டெக்னீசியனை உடனே அனுப்பிடாதீங்க. அடுத்த நாள் காலையில, மெசின் நல்லாக் குளிர்ந்து கிடக்கக்குள்ள வந்து போடச் சொல்லுங்க. சூடான மெசின்ல இந்தச் சத்தம் ஒளிச்சிடும்.